சிரிக்கச் சொல்லுங்க

மகள் வெற்றிச்செல்வி மாலைகளுக்கு நடுவே செத்துக் கிடப்பதைக் கண்ணையன் காண்பது இது முதல் முறையன்று.

சென்னையின் பெரிய ஓட்டல்களில் ஜாஸ் பாடிப் பெயர் பெற்றவள் அவள். அந்தப் பெயரைக் கேட்டுத் திரைப்படத்துக்கு அழைத்தவர்களோ, வேறொருத்தியின் குரலுக்கு அவளை வாயசைக்க வைத்தார்கள். இடைவேளைக்குள் சாகவும் வைத்தார்கள்.

சென்ற ஆண்டு பெரம்பலூரில், ஓர் ஓட்டு வீட்டில் அப்படி ஒரு காட்சி. வேடிக்கை பார்க்கச் சென்ற கண்ணையன் நெஞ்சு பொறுக்காமல் அவள்மேல் விழுந்து கதறினார், படப்பிடிப்பே நின்றுபோயிற்று.

மீண்டும் எடுத்து முடித்தபின், வெற்றிச்செல்வி கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு எழுந்தாள். பிணமாக நடித்தவர் அப்படிச் சிரித்தால்தான் உயிருக்குக் கெடுதல் வராது என்பது சினிமாக்காரர்களின் வழக்கமாம்.

"மானத்த வாங்கிட்டியேப்பா. இனிமே நான் செத்துக் கெடந்தா நீ அழுவக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு."

"சரி தாயி. அழுவல."

ஆகவே இன்று அவர் அழவில்லை. அரியலூரே திரண்டு நின்றது. விளக்கொளியில் கண் கூசியது. வாசலில் கேமராக்காரர்கள் ஒருவரையொருவர் முண்டினர். கறுப்புக் கண்ணாடி அணிந்த நடிகர் இருவர் கைகட்டி நின்றனர்.

அவர் தங்கை பாப்பாயி மாரில் அடித்துக்கொண்டு அழுவது அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"மெல்ல அழு புள்ள. போன தடவ நான் பட்டது போதாதா? இருந்து பாரு, இப்ப சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பா."

பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட்டல் கச்சேரிகளில் வெற்றிச்செல்விக்குச் சாக்ஸபோன் வாசிக்கும் திருமுருகன் தலைமாட்டில் நின்றான். அவள் குரலுக்கு வேலையில்லாத இடத்தில் தனக்கென்ன வேலை என்று, எந்தப் படப்பிடிப்புக்கும் வராதவன் அவன். கருவியை உதட்டில் வைத்தவன், ஊத முடியாமல் இறக்கிக்கொண்டான்.

"நேரமாச்சுப்பா, தூக்கலாம்" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். நால்வர் உள்ளே வந்து குனிந்தனர்.

கண்ணையன் பதறிப்போய்த் திருமுருகனின் கையைப் பற்றினார்.

"தம்பி, அவ இன்னும் சிரிக்கலியே. சிரிக்காம தூக்கக் கூடாதுல்ல? டைரக்டரு எங்கங்க? அவள ஒருதரம் சிரிக்கச் சொல்லுங்க."

பாப்பாயி எழுந்து வந்து, அவர் முகத்தை இரு கைகளாலும் தன் பக்கம் திருப்பினாள்.

"ஷூட்டிங் இல்லண்ணே. இது நம்ம வூடு."