கண் எழுதாத முகம்

தகரப் பெட்டியை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்தான் தங்கசாமி.

விழுந்ததெல்லாம் உப்புத்தாள். லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பலகையைத் தேய்க்கிற அதே உப்புத்தாள்தான். தேய்ந்துபோனதை மற்ற பெயின்டர்கள் வீசி எறிவார்கள். இவன் அதன் முதுகில் பென்சிலால் படம் போட்டு, மூலையில் வருஷத்தை எழுதிச் சேர்த்து வைப்பான்.

தெருவில் பச்சமுத்துவின் லாரி நின்றது.

"வெரசா ஆகட்டும் மாப்ள" என்று பின்கதவைத் தட்டிக் காட்டினான் பச்சமுத்து. "இதுல புள்ள மூஞ்சிய எழுதிப் போடு. பம்பாய் வரைக்கும் போற வண்டி. வழியெல்லாம் சனம் பாக்கட்டும்."

நேற்று சேந்தமங்கலம் சந்தையில் தங்கசாமியின் மகள் சௌந்திரத்தைக் காணோம். ஐந்து வயசுப் பிள்ளை. அவன் மனைவி சாலம்மாள் மரவள்ளிக்கிழங்குக்கு விலை பேசிவிட்டுத் திரும்பினாள், பக்கத்தில் மகள் இல்லை. பச்சைப் பாவாடை கட்டிய குழந்தையை யாரோ ஒரு பொம்பளை லாரியில் தூக்கி ஏற்றியதைப் பூக்காரி பார்த்திருக்கிறாள். எந்த லாரி, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

போலீசில் போட்டோ கேட்டார்கள். போட்டோவுக்கு எங்கே போவது? எடுத்தால் ஆயுசு குறையும் என்று சாலம்மாள் ஒரு நாளும் விட்டதில்லை.

தங்கசாமி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். மகளின் முகத்தைத் தேடினான்.

கல்யாணத்தன்று முகத்தைக் காட்ட மாட்டேன் என்ற சாலம்மாளின் மெட்டிக் கால். மழை பொய்த்த வருஷத்தில் அடி தெரிந்த கிணறு. விற்றுப்போன செவலைக் காளை, வாங்கியவன் கையில் அதன் கயிறு. அவன் முதன்முதலாக மயில் எழுதிய லாரி. தலைச்சன் பிள்ளைக்கு மாமன் வாங்கி வந்த நடைவண்டி.

நடைவண்டிக்கு அடுத்து இருக்க வேண்டிய தாள் இல்லை. அது என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும்.

தலைச்சன் பெயர் சென்னிமலை. நடைவண்டியை விட்டுவிட்டு அப்பனைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கண்ணைத் தங்கசாமி அப்படியே எழுதினான். ஒரே வாரத்தில் வாந்திபேதி கண்டு பிள்ளை போய்விட்டான்.

"கண்ண எழுதி எம்புள்ள உசுரத் தாள்ல ஏத்திப்போட்டீங்களே!" என்று சாலம்மாள் மண்ணில் புரண்டாள். படத்தை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றாள். சௌந்திரம் பிறந்ததும், குழந்தை தலைமேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இவளுக்குக் கண் எழுதக் கூடாது.

அவன் சொல் தவறவில்லை. தூங்கும்போது மட்டும் வரைந்தான்.

தொட்டிலில் தூங்கும் சௌந்திரம். அம்மா மடியில் தூங்கும் சௌந்திரம். காய்ச்சலில் வாய் பிளந்து கிடக்கும் சௌந்திரம். முந்தாநாள் வரைந்தது வரைக்கும், எல்லாம் கண் மூடிய முகம்.

பச்சமுத்து ஒன்றை எடுத்துப் பார்த்தான். "ஏப்பா..." என்று ஆரம்பித்தவன் தாளைக் கீழே வைத்துவிட்டான்.

அவன் சொல்லாமல் விட்டது தங்கசாமிக்குப் புரிந்தது. இதை லாரியில் எழுதினால் யாரும் பிள்ளையைத் தேட மாட்டார்கள். செத்த பிள்ளைக்கு எழுதியது என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

தலையில் அடித்த சத்தியம். மீறினால் பிள்ளைக்கு ஆகாது. மீறாமல் இருந்து மட்டும் என்ன கண்டான்? பிள்ளை எங்கே?

சத்தியமாவது மண்ணாவது என்று பென்சிலை எடுத்தான். நெற்றிச் சுருட்டை வந்தது. மூக்கு வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை தானாக இமையை மூடியே இழுத்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் மூடிய கண்.

பெற்ற மகள்! நேற்றுக் காலையில் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொரி உருண்டை கேட்டவள்! நினைத்தால் எதிரே வந்து நிற்கிறாள், தாளுக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறாள். கைக்குப் பழகியது அந்த மூடிய இமை ஒன்றுதான்.

"இந்தக் கையில கொள்ளிய வெக்க!" என்று பென்சிலை ஒடித்து எறிந்தான். வாய்விட்டு அழுதான்.

பச்சமுத்து மணியைப் பார்த்தான். லோடு ஏற்றிய வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், பாவம்.

விடிந்ததிலிருந்து கதவோரம் கிடந்த சாலம்மாள் எழுந்து உள்ளே போனாள். ராகிப் பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது. முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

நாலாக மடித்த உப்புத்தாள்.

"அடுப்புல போட்டேன்னது பொய்யிங்க" என்றாள். "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே கண்ணுங்க. பாத்து எழுதுங்க."

தங்கசாமி விரித்தான். விரல் பட்டுப் பட்டுக் கன்னத்துக் கோடுகள் மறைந்திருந்தன. வாய் இருந்த இடத்தில் வெறும் கறை. கண் இரண்டையும் மட்டும் அவள் தொட்டதே இல்லை போலிருக்கிறது.

அந்தக் கண்ணிலிருந்து சௌந்திரம் அவனைப் பார்த்தாள்.

அவன் பிரஷ்ஷை எடுத்தான். முகத்தை எழுதி, கீழே ஊர்ப் பெயரும் தான் வேலை பார்க்கும் லாரிப் பட்டறைப் பெயரும் எழுதி, கடைசியில் கண்ணை எழுதினான்.

பெயின்ட் காய்வதற்கு முன்பே லாரி கிளம்பிற்று. சாலம்மாள் பின்னாலேயே ஓடினாள். ஈரம் காயாத அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

"தங்கச்சியக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துரு சாமி" என்றாள்.