நோஞ்சான் குஞ்சுகள்

"அந்த ஆறு குஞ்சும் நோஞ்சான்ணே. ஒரு வாரம் தாங்காது" என்றார் குஞ்சு விற்பவர்.

"அதையே குடுங்க" என்றார் தையல்காரர்.

பூந்தொட்டிக்கே தண்ணீர் ஊற்றாத மனுஷனுக்குக் கோழி வளர்ப்பா என்று தெருவே வாயைப் பிளந்தது. எதிர்வீட்டு அக்கா நேரில் போய்க் கேட்டே விட்டாள்.

"ஒண்ணு செத்தாலும் பிள்ளைங்க ஏங்கிப் போயிடுமே, தம்பி?"

"ஒண்ணு செத்தாத்தான் அக்கா, சாவுன்னா என்னன்னு அதுங்களுக்குச் சொல்ல முடியும்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அக்கா மேற்கொண்டு துருவாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அந்தத் தெருவில் அது அதிசயம்.

பிள்ளைகளா விடுவார்கள்? ஏழு வயது மகளும் நாலு வயது மகனும் அட்டைப்பெட்டியில் பல்பு எரியவிட்டு, தவிடு குழைத்து ஊட்டி, ஆறையும் தேற்றிவிட்டார்கள். தையல்காரர் தினமும் எண்ணிப் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்புவார்.

நாலாவது வாரம் ஒரு காலையில் ஐந்துதான் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் மண் புதிதாக மேடிட்டிருந்தது. மேலே வெட்டுத்துணி ஒன்று போர்த்தியிருந்தது.

ஒருவழியாக நேரம் வந்துவிட்டது என்று அவர் பிள்ளைகள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, இன்னொரு குஞ்சு எங்கே?"

மகன் வாயைத் திறந்தான். மகள் அவனைக் கிள்ளினாள்.

"அம்மா வேலைக்குப் போன ஊருக்குப் போயிருக்குப்பா. வந்துடும்."

பிறகு தம்பியின் காதில் சொன்னாள்:

"சும்மா இருடா. அம்மா செத்ததையே அப்பாவால இன்னும் நம்மகிட்ட சொல்ல முடியல."