இன்றைய தாள்

"இன்னிக்கு வசனம் என்ன, லியான் அம்மா?"

பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டே மாங் வெளியிலிருந்து கேட்டார்.

வீட்டுக்குள் இருந்த அவர் மனைவி தியால் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் தொங்கிய சபை நாட்காட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'பொய்யை விடுங்கள். ஒருவரோடொருவர் உண்மையைப் பேசுங்கள்.' தேதியைக்கூட அவள் பார்க்கவில்லை. தாளைச் சரக்கென்று கிழித்து அடுப்பில் போட்டாள்.

அடுத்த தாளைப் பார்த்து, "'பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன்'னு போட்டிருக்கு" என்றாள்.

"நல்ல வசனம்தான்" என்றார் மாங். தீனி வாளியைக் கழுவப் போனார்.

சின் மலையின் அந்தக் கிறிஸ்தவ ஊரில் எல்லா வீட்டிலும் அதே நாட்காட்டிதான். காலையில் ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். தேநீர் ஆறும்வரை அந்த வசனத்தையே யோசிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அதன்படி ஏதாவது ஒன்று செய்துவிட வேண்டும். சாயங்கால வீட்டு ஜெபத்தில் சபை மூப்பர் கியோ ஒருவர் விடாமல் கேட்பார். மாங் இதில் ரொம்பக் கறார். 'கேட்கிறவனுக்குக் கொடு' என்று வந்த அன்று புது மண்வெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். விளையாட்டுக்குக் கேட்டவன் இன்னும் திகைத்துப்போய்த்தான் இருக்கிறான்.

அப்படிப்பட்டவரிடம் இன்று அவள் பேச வேண்டிய உண்மை ஒன்று இருந்தது.

முந்தாநாள் சோளக் காட்டில் இருந்தபோது மலேசியாவிலிருந்து அண்ணன் மகன் போனில் பேசினான். "அத்தை, லியானைப் பிடிச்சிட்டாங்க. அவன்கிட்ட சரியான பேப்பர் இல்ல. உள்ள வெச்சிருக்காங்க, எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியல."

அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. மாங்குக்கோ இதயம் பலவீனம். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டவுன் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். உள்ளே கிடக்கிற மகனுக்காக அழுவதா, இவரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயப்படுவதா? தியால் இரண்டையும் வாயை மூடிக்கொண்டே செய்துகொண்டிருந்தாள்.

தாளை எரித்தாயிற்று. ஆனால் சாயங்காலம் ஊரே அந்த வசனத்தைச் சொல்லுமே? அவர் திரும்பி, "நீ வேற வாசிச்சியே, ஏன்?" என்று கேட்டால்? நாள் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தாள். "உங்களுக்கு மூச்சு வாங்குது. ஜெபத்துக்கு நான் மட்டும் போயிட்டு வரேன்."

"எனக்கென்ன? உனக்குத்தான் முகமே செத்துக் கிடக்கு. நீ படு, நான் போயிட்டு வரேன்."

"மூப்பர் வீடு மேட்டுல இருக்கு. உங்களால ஏற முடியாது."

"நேத்து மட்டும் என்னைத் தூக்கிட்டா போனே?"

"சொன்னா கேளுங்க, லியான் அப்பா."

"நீயும்தான் கொஞ்சம் கேளேன்."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இருவருமே போனார்கள்.

மூப்பர் வீட்டில் ஜனம் நிறைந்திருந்தது. வழக்கமாக ஆண்கள் பக்கம் உட்காரும் மாங், இன்று அவளை ஒட்டியே உட்கார்ந்தார். மூப்பர் கண்ணாடியைத் தேடினார். ஆண்டவரே, அது கிடைக்காமலே போகட்டும் என்று தியால் வேண்டிக்கொண்டாள். கண்ணாடி அவர் நெற்றி மேலேயே இருந்தது.

"சரி, இன்னிக்கு வசனத்த வாசிக்கிறேன். ஆளுக்கு ஒண்ணு செஞ்சிருப்பீங்க, யோசிச்சு வையுங்க" என்றார் மூப்பர்.

தியால் கணவரின் நெஞ்சையே பார்த்தாள். அது ஏறி ஏறி இறங்கியது.

மூப்பர் நிறுத்தி வாசித்தார். "'சிறையில் இருக்கிறவர்களை மறவாதீர்கள். நீங்களும் அவர்களோடு கட்டுண்டவர்களாக எண்ணி அவர்களை நினையுங்கள்.'"

தியால் விழித்தாள். காலையில் அவள் எரித்தது இது இல்லையே! அப்படியானால் அவள் எரித்தது நாளைய தாள். இன்றைய தாள் எங்கே போனது?

மாங் தலை குனிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் அவள் கைக்குள் வைத்து அழுத்தினார்.

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கிழிச்சிட்டேன், லியான் அம்மா" என்றார் மெல்ல. "பையனப் பிடிச்ச சேதி எனக்குப் போன வாரமே தெரியும். நீ தாங்கமாட்டியேன்னுதான் சொல்லல."