பெண்கள் பிரிவு

“இன்னொரு தடவை ரத்தம் எடுப்பாங்களாக்கா?” தங்கை மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“முடிவு சொல்லத்தானே வரச் சொல்லியிருக்காங்க? சும்மா பயந்து சாகாதே” என்றாள் அக்கா. “ஊசியைப் பார்த்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு விழற ஆளாச்சே நீ!”

விளையாட்டுச் சங்கத்தின் மருத்துவ அறை வாசலில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. தங்கை உட்காரவில்லை. நானூறு மீட்டரில் யாருக்கும் பிடிகொடுக்காத கால்கள், அந்த வாசலிலேயே முன்னும் பின்னும் நடந்தன.

போன மாதம் அவள் ஜெயித்ததும், தோற்றவர்கள் பக்கமிருந்து, “அண்ணே, மீசை எடுக்க மறந்துட்டீங்களா?” என்று ஒரு குரல் வந்தது. மறுநாளே புகார் போனது. கட்டைக் குரல், அகன்ற தோள், மேலுதட்டுப் பூனைமுடி என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். அவள் பெண்தான் என்று ரத்தம் சொன்னால்தான் இனி ஓடலாம். அன்றிலிருந்து அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அக்காவுக்கு அழகு நிலையத்தில் வேலை. இடுப்பைத் தொடும் பின்னல், பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும் நடை. கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள்.

அவள் கைப்பேசி அடித்தது. அம்மாதான்.

“மாத்திரை போட்டியாடி?”

“போட்டாச்சும்மா. எத்தனை வருஷத்துக்குத்தான் இந்தச் சத்து மாத்திரையை முழுங்கறது? கல்யாணத்துக்கு அப்புறமாவது விட்டுடலாமில்ல?”

“வாயை மூடு. அதெல்லாம் விடக் கூடாது” என்று அம்மா சட்டென்று வைத்துவிட்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “முகம் ரெண்டும் ஒரே அச்சா இருக்கே! யாரும்மா ஓடறவங்க?”

தங்கை கையைப் பாதி தூக்கினாள்.

உள்ளே டாக்டரம்மா கோப்பைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

“ஆண்களுக்கு இருக்கிற ஒய் குரோமோசோம் இந்த ரத்தத்துல இருக்கும்மா” என்றார் கடைசியில். “அதனால நீ பொண்ணு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்குப் பிறவியிலேயே இப்படி அமையும், வெளியே ஒண்ணும் தெரியாது. ஆனா சங்கத்து விதிப்படி இனிமே நீ பெண்கள் பிரிவுல ஓட முடியாது.”

தங்கை டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

“சந்தேகமா இருந்தா இப்பவே மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்.”

“வேண்டாம்!” தங்கை கத்தியேவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேண்டாம் டாக்டர். நான் ஒத்துக்கறேன். எங்கே கையெழுத்துப் போடணும்?”

பதினோரு வயதில் ஓடத் தொடங்கியவள். டாக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு முத்திரை வைக்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

அக்கா மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

“ஏன்டி கையெழுத்துப் போட்டே... அன்னிக்கு உன் பேர்ல ரத்தம் குடுத்தது நான்தானே?”