காம்பராக் கதவு

அப்பாவும் வருகிறார் என்று அம்மா சொன்னது, இருவரும் ஹட்டன் பஸ்ஸில் ஏறிய பிறகுதான்.

பூரணி போனை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவே நின்ற கதவைப் பார்த்தாள். இனி அதை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

வெளியே ஐப்பசி மழை. ஹட்டன் டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கலைக்கூடத்துக்குள் ஆட்கள் குடையை உதறிவிட்டு நுழைந்துகொண்டிருந்தார்கள். கண்காட்சி அப்போதுதான் திறந்திருந்தது. சுவரெல்லாம் மற்றவர்களின் ஓவியங்கள். ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து நின்றது பூரணியின் கதவுக்கு முன்னால்தான்.

அது நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவின், அந்த வரிசை வீட்டின், முன்கதவு. நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து, சுவர் எதுவும் இல்லாமல் தனியே நிறுத்தியிருந்தாள். தூக்கி நிறுத்த ஆண்கள் நாலு பேர் வேண்டியிருந்தது. வண்ணம் பூசவில்லை, எதையும் ஒட்டவில்லை. வெளிப்பக்கம் முழுக்க வெட்டுகள். நெஞ்சு உயரத்தில் சில, முழங்கால் உயரத்தில் சில.

"வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமையெல்லாம் இந்த ஒரு கதவுல தெரியுது," என்று கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவர் யாரிடமோ சொன்னார்.

வெள்ளைக்காரன் இல்லை. எல்லாம் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி விழுந்த இடங்கள். பகலெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு, குடித்துவிட்டு வரும் நாட்களில் அதே கத்தியோடுதான் வாசலில் நிற்பார்.

அதெல்லாம் பழைய கதை. அப்பா குடியை விட்டுவிட்டார், இப்போது சாதுவாகிவிட்டார் என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் பூரணி கதவைக் கேட்டாள். அம்மாவும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தாள். அந்த இடத்தில் பூரணி ஒரு புதுக் கதவு போட்டுக் கொடுத்தாள். ஏதோ படம் வரைவதற்கு என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது அவர் வந்து பார்த்தால்?

இத்தனை பேருக்கு முன்னால் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அது பூரணிக்குத் தெரியும். அதுதான் பயமே. எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பேசுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் அவ்வளவு தூரமும் அம்மாதான் திரும்பிப் போகவேண்டும்.

ஒரு பெட்சீட்டைப் போட்டு மூடிவிடலாமா என்று யோசித்தே ஒரு மணி நேரம் போய்விட்டது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம்.

அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறைய திருநீறோடு வந்தார். பின்னால் அம்மா.

அவர் சுவரில் இருந்த எதையும் பார்க்கவில்லை. நேரே கதவிடம் போனார். குனிந்தார். ஒரு வெட்டுக்குள் விரலை வைத்தார். விரல் நகம் வரைக்கும் உள்ளே இறங்கியது.

பூரணி கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் நடந்தாள்.

கலைக்கூடத்தை நடத்தும் டிலுக்ஷி பக்கத்தில் வந்தாள். "பூரணியோட அப்பாவா? இந்த வெட்டெல்லாம் எப்பிடி வந்திச்சு அங்கிள்? கேட்டா இவ வாயே தெறக்க மாட்டேங்குறா."

அப்பா நிமிர்ந்து சிரித்தார். "புள்ளைங்க வெளையாடுனதுங்க மிஸ். இவதான் பெரிய வாலு."

எல்லோரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்தாள். அவ்வளவு சுலபமாக அந்தச் சிரிப்பு வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உடம்பு இளகியது. அவர் முகத்தில் கோபம் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். இல்லை.

டிலுக்ஷி கதவு நிலையில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினாள். விற்றாயிற்று என்று அர்த்தம். கொழும்பில் யாரோ கதவின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனிலேயே கேட்டிருந்தார்.

"நம்ம காம்பராக் கதவுக்கு வந்த வாழ்வப் பாரு," என்று சொல்லிவிட்டு, அப்பா வடை வைத்திருந்த மேசைப் பக்கம் போனார்.

அம்மாவைக் காணவில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லையென்று யாரும் போயிருக்கவில்லை. வழுவழுவென்று கெட்டிப் பலகை, ஒரு கீறல் கிடையாது. அம்மா அதில் முதுகைக் கொடுத்து, குதிகால்களைத் தரையில் ஊன்றி நின்றாள். கூட்டத்தில் களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் பூரணி நினைத்தாள்.

"இத எப்ப புள்ள திருப்பித் தருவாங்க?"

"வித்துப் போச்சும்மா," என்றாள் பூரணி, சந்தோஷமாகவே.

அம்மா தலையை ஆட்டினாள்.

"நீ போட்டுக் குடுத்தியே புதுக் கதவு, அது பாக்க நல்லாத்தான் இருக்கு." குரல் மிகவும் இறங்கியிருந்தது. "ஆனா தாங்க மாட்டேங்குது."

"எத தாங்கல?"



மறுபக்கத்திலிருந்து கதவு தட்டப்பட்டது. விளையாட்டுத் தட்டல்தான். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "ஏ நாகு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெளிய வா." யாரோ சிரிப்பது கேட்டது.

அவர் சுற்றிக்கொண்டு வந்தால் போதும். கதவுக்கு இரண்டு பக்கமும் வெறும் கூடம்தான்.

அம்மாவின் முதுகு பலகையை இன்னும் அழுத்தியது. அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்த தாழ்ப்பாளைப் பூரணி அப்போதுதான் பார்த்தாள்.

காலையில் பூரணி அதைத் திறந்துதான் வைத்திருந்தாள். இப்போது அது போட்டிருந்தது.