ஒத்தடம்

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கும் காலை வெயில், செவலைப் பசுவின் கழுத்தில் மயிர் மழித்த வட்டத்தின்மேல் விழுகிறது. மூன்று நாளைக்கு முன் அங்கேதான் கால்நடை ஆராய்ச்சி மருத்துவர் காசநோய்ச் சோதனை ஊசி போட்டாள். வீங்கினால் நோய், மற்ற மாடுகளைக் காப்பாற்ற இந்தப் பசு போயாக வேண்டும். தோலை மடித்து அளவுமானியால் கவ்வுகிறாள். எண், ஆபத்தின் எல்லைக்கு மயிரிழை கீழே நிற்கிறது. அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வருகிறது. பசு அவள் முழங்கையை நக்க, சொரசொரப்புத் தாங்காமல் சிரித்தும்விடுகிறாள். அளவுமானி வழுக்குகிறது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. "என்னம்மா தடவினீங்க?" கயிற்றைப் பிடித்திருக்கும் வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க போன மறுநாளே எலுமிச்சங்கா மாதிரி வீங்கிடுச்சு டாக்டரம்மா. வாயில்லா ஜீவன், யார்கிட்டச் சொல்லும்? எண்ணெய் போட்டு நீவி, விடாம ஒத்தடம் கொடுத்தேன். பாருங்க, எப்படி வத்திப்போச்சுன்னு!" மருத்துவரின் கையில் அளவுமானி திறந்த வாய் மூடாமல் நிற்கிறது. பசு இன்னும் நக்குகிறது. வீட்டுக்காரி அதன் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்கிறாள்: "என் தங்கத்துக்கு ஒண்ணுமில்லைன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."