வளைவில் நின்ற குடைக்காரன்

குடைக்காரனை இந்த வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் பெரிய அதிகாரி சொல்லிவிட்டார்.

அதிகாரி வெறும் வாய்ச்சவடால் ஆள் இல்லை. போன மாதம் இன்ஸ்பெக்டர் காலை வண்டியைத் தவறவிட்டு ஆபீசுக்குத் தாமதமாகப் போனதற்கே மெமோ கொடுத்து, இன்னொரு தடவை நடந்தால் சஸ்பெண்ட் என்றவர். அன்றைக்கு மனைவி அழுத அழுகையில் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பாவம், வீட்டோடு இருந்த மாமனார்தான் மகளுக்குத் தைரியம் சொன்னார்.

போதாத காலம், குடைக்காரன் முளைத்ததும் அப்போதுதான்.

ஸ்டேஷனுக்கு முந்தைய வளைவில், அதுவும் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், காலை வண்டி வரும் நேரத்தில் அந்த ஆசாமி தண்டவாளத்தில் ஏறி நின்றுவிடுவான். என்ன திமிர் பாருங்கள்! முகத்தை மூடி மஃப்ளர், தலைக்கு மேல் கறுப்புக் குடை. ஹாரன் அடித்தால் கையைக் காட்டி, 'இருப்பா, என்ன அவசரம்' என்கிறானாம். வண்டியை நிறுத்திக் கார்டு இறங்கி வருவதற்குள் புதருக்குள் மறைந்துவிடுவான். பின்னால் வரும் வண்டிகளெல்லாம் வரிசையாகத் தாமதம்.

இன்ஸ்பெக்டரோ படுக்கையை விட்டு எழுவதற்கே ஒரு யுகம் ஆகிற மனிதர். ஒரு காலுறையைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஸ்டேஷனுக்கு ஓடுவார். வண்டி வந்திருக்காது. பிளாட்பாரத்தில் நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே குடைக்காரனைத் திட்டித் தீர்ப்பார்.

"அந்த வண்டியோட கடைசிப் பெட்டியில பேங்க் பணம் போகுது. கொள்ளைக்கு ஒத்திகை பார்க்கிறான். அவனைக் கம்பி எண்ண வைக்கிறேன் பாருங்க" என்றார் சாப்பிடும்போது.

"அதுக்குக் காலையில சீக்கிரம் எழுந்திரிக்கணுமே, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் கருக்கலிலேயே இரண்டு போலீஸ்காரர்களோடு வளைவுப் புதரில் பதுங்கினார். கொசு பிடுங்கியது. எறும்பு கால்சட்டைக்குள் புகுந்து குடித்தனமே நடத்தியது. வண்டி தடதடவென்று நேரத்துக்குப் போனது. குடையைக் காணோம். அன்று மட்டுமா? வாரம் முழுக்க அதே கதைதான்.

அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் பெயரைக் கேட்டே பயல் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றார். மாற்றல் ரத்து, பதவி உயர்வுக்குச் சிபாரிசு.

இன்ஸ்பெக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மனைவிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஓடிப்போனவனுக்கு எதுக்குக் காவல்? நாளையிலேருந்து பழையபடி இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கப் போறேன். யாரும் எழுப்பக் கூடாது" என்று அறிவித்தார்.

மாமனார் பெருமூச்சு விட்டபடி எழுந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மஃப்ளரையும் கறுப்புக் குடையையும் எடுத்துத் தூசி தட்டினார்.

"ஒரு வாரமா நீங்களே எழுந்துட்டதால எனக்கு லீவு. நாளைக்கு வண்டியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கணும், மாப்பிள்ளை?"